செக்-இன் கவுன்டரில் பெட்டியைத் திறக்காமல் இருக்க: வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்புபவர் வாங்கும் ஐந்து சாமான்கள்

விசா நேர்காணலில் தடுமாறாமல் பதில் சொன்ன மாணவர்கூட, விமான நிலைய கவுன்டரில் 23 கிலோ வரம்புள்ள பெட்டிக்கு எடைத் திரை 25.4 என்று காட்டும்போது முகம் வெளிறி நிற்பார். பின்னால் வரிசை நீண்டிருக்கும். பெட்டியைத் தரையில் சாய்த்து, ஜிப்பைத் திறந்து, மேலாகக் கிடக்கும் உள்ளாடைகளை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் புத்தகத்தைத் தேட வேண்டும். எடுத்த புத்தகத்தை எங்கே வைப்பது? கைப்பையில் இடமில்லை. வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், கூப்பிட்டாலும் கேட்காது. இரண்டு கிலோ கூடுதலுக்காக ஒரு குளிர்ச்சட்டையின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க விமானம் ஏறுபவர்கள் உண்டு.

இதைத் தடுப்பதாகச் சொல்லியே கடைகளில் பல சாமான்கள் விற்கிறார்கள். அவற்றில் எது உண்மையிலேயே காப்பாற்றும், எது காப்பாற்றுவதுபோல் காட்டிக் கவிழ்த்துவிடும் என்பதுதான் இந்த மதிப்புரை. பிராண்டு பிராண்டாகப் பார்க்கவில்லை, வகை வகையாகப் பார்த்திருக்கிறது. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை வேறு வேறு பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஒன்றுதான். கெட்டுப்போகும் இடமும் ஒன்றுதான்.

தொங்கு தராசு

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். கையில் பிடித்துப் பெட்டியைத் தூக்கினால் எடை காட்டும் டிஜிட்டல் தராசு. பெரும்பாலான மாடல்கள் 50 கிலோ வரை தாங்கும், 10 கிராம் படியில் எடை காட்டும், சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி ஒன்றில் ஓடும்.

உள்ளே இருப்பது ஒரு சின்ன உலோகப் பட்டை. எடை தொங்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய தகடு அதோடு சேர்ந்து நீள்கிறது, நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் சில்லு எடையாகக் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரை 10 கிராம் படியில் எண் காட்டுவதால் எடையும் 10 கிராம் துல்லியத்தில் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். படி வேறு, துல்லியம் வேறு. பட்டை ஒருமுறை ஓங்கி அடிபட்டாலோ, தாங்கும் எடைக்கு மேல் இழுக்கப்பட்டாலோ, திரை அதே மிடுக்கோடு தப்பான எண்ணைக் காட்டும்.

ஆகவே வாங்கிய அன்றே சோதியுங்கள். அதற்குத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு லிட்டர் பாட்டில்கள் பத்தை நிரப்பி, உறுதியான ஒரு பையில் போட்டுத் தூக்குங்கள். 20 கிலோவோடு பையின் எடையும் காலி பாட்டில்களின் எடையும் சேர்ந்து வர வேண்டும். அவற்றைத் தனியே முன்கூட்டி நிறுத்துக்கொள்ளுங்கள். திரை 200 கிராம் குறைத்துக் காட்டினால் பிழை ஒரு சதவீதம் என்று பொருள். 23 கிலோவில் அதே பிழை 230 கிராம் ஆகும். அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதித் தராசின் முதுகில் ஒட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. தராசை மாற்ற வேண்டியதில்லை. பிழை தெரிந்த தராசு நல்ல தராசு.

அடுத்தது அலகு. பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். தூக்கும்போது விரல் பட்டால்கூட அலகு மாறிவிடும். கிலோவிலிருந்து பவுண்டுக்கு மாறினால் 23 கிலோ 50.7 என்று வரும், உடனே பிடிபட்டுவிடும். ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. சீனாவில் செய்யப்படும் சில தராசுகளில் ஜின் என்ற அந்நாட்டு அலகும் உண்டு. ஒரு ஜின் அரை கிலோ. 23 கிலோ பெட்டி அதில் 46 என்று தெரியும். எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பார்க்காதவர் பாதித் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, 11 கிலோ பெட்டியோடு குளிர்நாட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்த பிறகு எண்ணைப் படியுங்கள்.

பவுண்டில் விதி சொல்லும் விமான நிறுவனங்களும் உண்டு. 50 பவுண்டு என்பது 22.68 கிலோ. நாம் 23 என்று உருட்டிச் சொல்லும் அந்த 320 கிராமில் ஒரு பெட்டி தோற்கலாம்.

கொக்கி வைத்த தராசா, பட்டை வைத்த தராசா என்று கேட்டால் பட்டைதான். இப்போதைய பெட்டிகளின் கைப்பிடி அகலமாக, ரப்பர் மூடியதாக வருகிறது. உலோகக் கொக்கி அதில் சரியாக உட்காராது, தூக்கும்போது வழுக்கும். நைலான் பட்டையைக் கைப்பிடியைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினால் நழுவாது.

தூக்குவதிலும் பக்குவம் வேண்டும். முழங்கையை மடக்கித் தூக்கினால் கை நடுங்கும், எண் ஆடும். தராசை இரு கைகளாலும் பிடித்து, முழங்காலை மடக்கிக் குனிந்து, கைகளை நேராக வைத்தபடி எழுந்தால் பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் எழும், அதுவே போதும். பெட்டி உங்கள் காலில் சாய்ந்தால் எடை குறைவாகத் தெரியும். இதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு: வீட்டில் 22.8, கவுன்டரில் 24. வெடுக்கென்று தூக்கினால் நேர்மாறாக, அந்த உதறலின் உச்சத்தையே சில தராசுகள் பிடித்து நிறுத்திவிடும். எண் ஓடி நின்று பீப் ஒலிக்கும் வரை பொறுத்திருந்து, மூன்று முறை தூக்கிப் பாருங்கள். மூன்றும் 100 கிராமுக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். தனியாகத் தூக்க முடியாதவர் தராசின் பிடிக்குள் ஒரு கட்டையை நுழைத்து, இருபக்கமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கலாம்; உண்மையில் இதுதான் ஆடாமல் எடை காட்டும் முறை.

ஸ்பிரிங் வைத்த முள் தராசும் கிடைக்கிறது. பேட்டரி வேண்டாம் என்பது அதன் ஒரே சிறப்பு. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தும் திருகு பயணத்தில் தானாக நகர்ந்துவிடும், கோடுகளுக்கு நடுவே அரை கிலோ வரை கண் ஏமாறும். வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருந்தால் அதைவிட மேல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு வெறுங்கையோடு ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். கம்பளத்தின் மேலோ மெத்தை விரிப்பின் மேலோ அந்தத் தராசை வைத்தால் எண் தப்பும். கெட்டித் தரையில் வையுங்கள்.

எந்தத் தராசானாலும் 23 கிலோ விதிக்கு 22.5-ல் நிறுத்திவிடுவதே என் தீர்ப்பு. கிளம்பும் நாள் காலையில் உள்ளே போகும் துண்டு, பல்துலக்கி, சார்ஜர், கடைசியாக யாரோ கையில் திணிக்கும் ஒரு பொட்டலம், எல்லாவற்றுக்கும் அந்த அரை கிலோதான் இடம்.

தராசு சரியாக இருந்தும் விதி புரியாததால் மாட்டிக்கொள்பவர்கள் தனிக் கூட்டம். பயணச்சீட்டில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று இருந்தால் மொத்தம் 46 என்று கூட்டக் கூடாது. ஒன்று 20, இன்னொன்று 26 என்றால் இரண்டாவது பெட்டி விதியை மீறியதுதான். முதல் பெட்டியில் மிச்சமிருக்கும் மூன்று கிலோவை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மொத்த எடைக்கு விதி சொல்லும் சீட்டுகளில் மட்டுமே கூட்டல் செல்லும். அங்கேயும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பல விமான நிலையங்களில் எடுக்கவே மாட்டார்கள். தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, கெஞ்சினாலும் பணம் கட்டினாலும் நகராது. நடுவில் விமானம் மாறுபவர்கள், இரண்டு சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால், இரண்டில் எது குறைவோ அதற்கேற்பக் கட்ட வேண்டும். மாணவர்களுக்குக் கூடுதல் எடை தரும் விமான நிறுவனங்களும் இருக்கின்றன. அந்தச் சலுகையைச் சீட்டு பதிவு செய்யும்போதே மாணவர் கட்டணத்தில் எடுத்திருக்க வேண்டும், சேர்க்கைக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். கவுன்டரில் போய் மாணவன் என்று சொன்னால் எதுவும் கிடைக்காது.

எடையோடு அளவும் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. சக்கரமும் கைப்பிடியும் அதில் சேர்த்தி. கடையில் 28 அங்குலம் என்று விற்கும் பெட்டி இந்த வரம்பை ஒட்டியே நிற்கும். நடுவில் இருக்கும் விரிவாக்க ஜிப்பைத் திறந்தால் தாண்டிவிடும். டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது பெட்டி நிரம்பியிருக்க வேண்டும், காலிப் பெட்டியின் வயிறு உப்பியிருக்காது.

வேக்யூம் பை

துணியை உள்ளே வைத்து மூடி, பம்பால் காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பை. இந்தச் சாமானைத்தான் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். விளம்பரத்தில் மலைபோல் குவிந்த கம்பளிகள் அப்பளம்போல் தட்டையாவதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். வேலையும் செய்யும்: குளிர்ச்சட்டை, போர்வை, கம்பளி பனியன் எல்லாம் பாதிக்கும் கீழான இடத்தில் அடங்கிவிடும். காற்றுதான் வெளியே போகிறது, எடை அப்படியே இருக்கிறது. சங்கடம் அங்கேதான் பிறக்கிறது. வழக்கமாகத் துணி அடைத்தால் 28 அங்குலப் பெட்டி நிரம்பும்போது எடையும் வரம்பின் பக்கத்தில் வந்து நிற்கும். வேக்யூம் பை போட்டு அடைத்தால் பெட்டியில் இன்னும் இடம் இருக்கும், மனம் இன்னும் அடுக்கச் சொல்லும், கடைசியில் பெட்டி 30 கிலோவைத் தாண்டியிருக்கும். கண்ணை ஏமாற்றும் சாமான் இது.

அடுத்த சிக்கல் பெட்டியைத் திறக்க நேரும்போது. பாதுகாப்புச் சோதனையிலோ சுங்கத்திலோ ஒரு பையைத் திறக்கச் சொன்னால், உள்ளே காற்று புகுந்து துணி பழைய உருவத்துக்கு எழும்பிவிடும். பிறகு பெட்டி மூடாது. பம்ப் இல்லாமல் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்தும் முழங்காலால் அழுத்தியும் ஜிப்பை இழுத்தால், ஜிப்பின் பல்வரிசை பிளந்து நிற்கும்.

திறக்காவிட்டாலும் சில பைகள் தாமாக உப்பும். வாய்ப்பகுதியின் இரட்டை வரிப் பள்ளத்தில் ஒரு நூலோ தலைமுடியோ சிக்கியிருந்தால் போதும், ஒரு ராத்திரியில் காற்று திரும்பிவிடும். மூடும் முன் அந்தப் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு சறுக்கியை மூன்று முறை இருபுறமும் ஓட்டுங்கள். துணி வாயிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி இருக்கட்டும். சுருட்டி மூடியதை 24 மணி நேரம் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு, உப்பாமல் இருந்ததை மட்டும் பெட்டியில் வையுங்கள். முழுவதும் உறிஞ்சப்பட்ட பைக்குள்ளும் கொஞ்சம் காற்று மிஞ்சும். விமானம் உயரே போகும்போது கேபினிலும் சரக்கறையிலும் காற்றழுத்தம் தரைமட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறையும், அதனால் மிஞ்சிய காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். பெட்டியை ஜிப் தெறிக்கும் அளவுக்கு இறுக்கி அடைக்காமல் ஒரு விரல் அளவு தளர்வு விடச் சொல்வது இதற்காகத்தான்.

ஷாம்பூ பாட்டில் உடைந்ததுபோல் ஒழுகுவதற்கும் அதே அழுத்தம்தான் காரணம். பாட்டிலின் மேல்பாதியில் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை மூடி வழியாகத் தள்ளுகிறது. நடுவில் அமுக்கும் மூடி இதைத் தாங்காது. திருகு மூடி உள்ள பாட்டிலாக எடுத்து, மூடியைக் கழற்றி, வாயின்மேல் ஒரு துண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, ஜிப் பையில் போட்டுவிட்டால் துணிகள் தப்பும். முக்கியமான சான்றிதழ் இருக்கும் பெட்டியில் திரவமே வைக்காதீர்கள்.

மொத்தத்தில் வேக்யூம் பை ஒன்று போதும், கனமான குளிர்ச்சட்டை ஒன்றுக்கு மட்டும். மற்றதெல்லாம் கம்ப்ரஷன் க்யூப் என்று விற்கும் இரட்டை ஜிப் துணிப்பைகளில் போகட்டும். அவ்வளவு சுருங்காது, ஆனால் எங்கு திறந்தாலும் இரு கையாலேயே மூடலாம்.

இந்தத் துணிப்பைகளுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. கவுன்டரில் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டிய நிலை யாருக்கும் வரலாம், எத்தனை முறை நிறுத்தாலும் வரலாம். அப்போது எது வெளியே வரும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒரு க்யூபில் இரண்டு கிலோ அளவுக்கு, யார் பார்த்தாலும் கூச்சம் தராத பொருட்களை வையுங்கள்: ஸ்வெட்டர், துண்டு, தடித்த நோட்டு. அது பெட்டியைத் திறந்ததும் மேலே, வலது மூலையில் இருக்கட்டும். நிறுத்துப் பார்த்து அதன் எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடைகள் ஒளி ஊடுருவாத க்யூபில், அடியில். வலைத்துணி வைத்த க்யூப் இதற்கு வேண்டாம். திரை 24.6 காட்டினால், ஜிப்பை ஒரு முழம் திறந்து அந்த ஒரு க்யூபை எடுத்து, மடித்து வைத்திருந்த துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டினால் முடிந்தது. அரை நிமிடம். வரிசையில் நிற்பவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அந்தத் தோள்பைக்கு இடமிருக்க வேண்டும் என்றால் கைச்சுமையை நிரப்பாமல் விட்டிருக்க வேண்டும். பல விமானங்களில் கைச்சுமைக்கு 7 கிலோதான். லேப்டாப்பும் அதன் சார்ஜரும் சேர்ந்து 2 கிலோ வந்துவிடும், கைப்பெட்டியே 2 கிலோ. ஆக உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது 3 கிலோ.

எண் பூட்டு

மூன்று சக்கரம் வைத்த எண் பூட்டு, பெட்டியோடு வந்ததோ தனியாக வாங்கியதோ, கிளம்பும் ராத்திரியில் அதிகம் பேரைத் தவிக்கவிடுவது இதுதான். பெட்டி பூட்டிக்கொண்டது, எண் 0-0-0 இல்லை, வைத்ததாக நினைக்கும் எண்ணும் இல்லை, பாஸ்போர்ட் உள்ளே.

இது நடப்பது எண்ணை மாற்றும்போது. பூட்டு 0-0-0-ல் திறந்திருக்கும் நிலையில், சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன ஊசித்துளைப் பொத்தான் இருக்கும். பேனா முனையால் அதைக் 'கிளிக்' என்று சத்தம் வரும் வரை அமுக்கினால் அது உள்ளேயே தங்கும். இப்போது சக்கரங்களைத் திருப்பி உங்கள் எண்ணை வையுங்கள். கடைசியாகத் திறக்கும் விசையைத் தள்ளினால் பொத்தான் வெளியே எழும்பி, எண் பதியும். பெரும்பாலான பூட்டுகளில் முறை இதுதான். கடைசிப் படியை மறந்தால் பொத்தான் உள்ளேயே இருக்கும், பூட்டு இன்னும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும். அப்போது சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அதையே புது எண்ணாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது தவறு, சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றபோது பதிவது; 4 என்று நினைத்தது 5 ஆகப் பதிந்திருக்கும்.

அதனால் எண்ணை மாற்றியதும் மூடி திறந்திருக்கும்போதே, விசையை மட்டும் பூட்டி, சக்கரங்களைக் கலைத்து, எண்ணைத் திரும்ப வைத்துத் திறந்து பாருங்கள். மூன்று முறை. அதற்குப் பிறகு பெட்டியை மூடுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர் பெட்டியை உடைக்க வேண்டாம். முதலில் வைத்த எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்று கூட்டியும் குறைத்தும் பாருங்கள். மூன்று சக்கரத்துக்கு மொத்தம் 27 சேர்க்கைதான். அதில் கிடைக்காவிட்டால் 000-லிருந்து 999 வரை வரிசையாக, விசையை லேசாக அமுக்கியபடி. ஓர் எண்ணுக்கு இரண்டு நொடி என்றால் ஆயிரத்துக்கும் சேர்த்து 34 நிமிடம் ஆகாது. புறப்படும் அவசரத்திலும் இதற்கு நேரம் இருக்கும்.

பூட்டில் சாவித்துளை இருக்கிறதே, சாவியைக் கடைக்காரர் தரவில்லையே என்று சண்டை போடுபவர்களும் உண்டு. டிஎஸ்ஏ007 என்று எழுதி, சிவப்பு வைர வடிவச் சின்னம் போட்ட துளைக்கு உரிமையாளருக்குச் சாவி கிடையாது. அது அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு போன்ற சோதனை அதிகாரிகளிடம் இருக்கும் பொதுச்சாவிக்கானது. பொதுச்சாவியால் திறக்க முடியாத பூட்டு போட்டு அமெரிக்கா போனால், சோதிக்க வேண்டி வந்தால் வெட்டிவிட்டுச் சோதிக்கக்கூடும்.

திருட்டுக்கு இது எந்த அளவு தடை என்று கேட்டால், பெரிய தடை இல்லை. சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்துவிட்டு, பூட்டிய ஓட்டியை நகர்த்தித் திரும்ப மூடிவிட முடியும். பூட்டு உதவுவது, கன்வேயரில் அடிபடும்போது பெட்டி தானாக வாய் பிளக்காமல் இருக்க. பெட்டியைச் சுற்றி ஒரு பட்டையும் கட்டினால், ஜிப் தெறித்தாலும் துணிகள் பெல்ட்டில் ஒவ்வொன்றாக வந்து எல்லார் கண்ணிலும் படாது.

பவர் பேங்க், அடாப்டர்

பவர் பேங்கை பெட்டியில் போட்டு அனுப்பினால் எக்ஸ்-ரேயில் தெரியும், போர்டிங் கதவருகே உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், திரும்ப நடந்து போய்ப் பெட்டியைத் திறந்து எடுக்க வேண்டும். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைச்சுமையில் மட்டும்தான். வரம்பு 100 வாட் ஹவர் (Wh), அதாவது பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு. உறையில் எம்ஏஎச் (mAh) மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 20,000 என்றால் 74, தாராளமாகச் செல்லும். 27,000 என்றால் 99.9, விளிம்பு. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும். 160-க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். உறையில் அச்சு தேய்ந்து எண் தெரியாவிட்டால், 10,000 என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் பறித்துவிடக்கூடும். தேயாத எழுத்துள்ளதாக வாங்குங்கள். எடுத்துச் செல்வது வேறு, விமானத்தில் பயன்படுத்துவது வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் செய்யத் தடை போட்டுவிட்டன. நீண்ட பயணத்துக்குப் போனை முழு சார்ஜோடு ஏற்றுங்கள். பேட்டரி உள்ள நவீனப் பெட்டி என்றால், அந்த பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கழற்ற முடியாததைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

யுனிவர்சல் அடாப்டர் செருகியின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. விடுதி அறையில் முதல் நாளே ஃபியூஸ் போக்கி, மாடி முழுக்க இருட்டாக்கிப் பெயர் வாங்குபவர்கள் இதைக் கவனிக்காதவர்கள். சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று இருந்தால் உலகம் முழுக்கச் செல்லும்; லேப்டாப், போன் சார்ஜர்கள் எல்லாம் அப்படித்தான். சூடாக்கும் சாமான்கள்தான் வம்பு. 230 வோல்ட் ஹேர் டிரையர் 120 வோல்ட் நாட்டில் கால்வாசி சூட்டில் மூச்சு வாங்கும். 120 வோல்ட் சாமானை 230-ல் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுத்து எரிந்துவிடும். சூடாக்கும் எதையும் கொண்டுபோக வேண்டாம், போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் செருகி மூன்று முள் கொண்டதா என்றும் பாருங்கள். பல யுனிவர்சல் அடாப்டர்களில் எர்த் முள்ளுக்குத் துளையே இருப்பதில்லை, அல்லது துளை இருந்தும் உள்ளே இணைப்பு இருப்பதில்லை. போகும் நாடு ஒன்றுதான் என்பதால், அந்த நாட்டுச் செருகிக்கு மட்டுமான எர்த் வைத்த ஒற்றை அடாப்டர் இரண்டு வாங்குவது, எல்லா நாட்டுக்கும் விரியும் ஒரு பெரிய அடாப்டரைவிட நல்லது. சுவரிலிருந்து தொங்கி விழவும் செய்யாது.

ஆவணக் கோப்பு

பிளாஸ்டிக் உறைகள் வைத்த கோப்பு வாங்கும்போது ஏ4 அளவு, அதாவது 210க்கு 297 மி.மீ., என்று வாங்கிவிடுகிறார்கள். பல பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ்கள் அதைவிடப் பெரியவை. கடைசி நேரத்தில் நடுவில் மடித்துச் செருகியதில் முத்திரையின் மேலேயே மடிப்பு விழும். முதலில் சான்றிதழை அளந்துவிட்டு, பிறகு கோப்பு வாங்குங்கள்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்வதுதான் திருத்த முடியாத தவறு. அதன்மேல் எந்த அதிகாரியும் முத்திரை குத்தவோ கையெழுத்திடவோ முடியாது. சான்றொப்பத்துக்காகக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உரித்தெடுக்கப் பார்த்தால் மையும் சேர்ந்து உரியும். நகலை வேண்டுமானால் லேமினேட் செய்யுங்கள்.

கோப்பு எப்போதும் கைச்சுமையில், லேப்டாப் அறையில். பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், நிதிச் சான்று, மருத்துவ அறிக்கை நான்கும் முதல் உறைகளில், குடியேற்ற அதிகாரி கேட்கும் வரிசையில். மற்ற நகல்களில் கட்டுப்பாடு வேண்டும். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று விற்கும் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த 300 தாள் ஒன்றரை கிலோ. ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துவிட்டு, தாளாக ஒரே ஒரு செட் நகல் எடுத்துக்கொண்டால், அந்த மூன்று கிலோ கைச்சுமையில் தோள்பைக்கு இடம் கிடைக்கும்.